மாமன் மடி

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு மாமன் இருந்தான், அந்த மாமனுக்கு ஒரே ஒரு தங்கச்சி, அந்தத் தங்கச்சிக்கு ஒரே ஒரு பாப்பா, அந்தப் பாப்பாவுக்குக் காதிலே ஓட்டையே இல்லை. இப்படித்தான் தினமும் ஆரம்பிப்பேன். இப்போது, இந்தக் கோயில் மண்டபத்தில் மணி தொங்குகிற தூணில் முதுகை ஒட்டிக்கொண்டு நிற்கும்போதும், உதட்டை அசைக்காமல் உள்ளுக்குள் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தவில்காரர் அடிக்கிற அடியில் என் நெஞ்சு அடிப்பது எனக்கே கேட்கவில்லை, ஆனாலும் அடிக்கிறது, சட்டைப்பையில் இருக்கிற பேனா துள்ளுகிற மாதிரி அடிக்கிறது. வருகிறார். சீர்வரிசை வருகிறது, எல்லோருக்கும் முன்னால் பூபதியண்ணன் வருகிறார். பட்டு வேட்டி அவிழாமலிருக்க உள்ளே பெல்ட், அது எனக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். இரண்டு கையிலும் முதல் தட்டு, தட்டில் தேங்காய், பூவன் பழம், நடுவில் சிவப்புப் பெட்டிக்குள் பாப்பாவின் கம்மல். தட்டு ஆடவில்லை. நாக்கைப் பல்லுக்கு நடுவில் கடித்துக்கொண்டிருக்கிறார், ஷூ லேஸ் கட்டும்போதும் அப்படித்தான் கடிப்பார். படி வழியாக வர வேண்டாம், பக்கவாட்டில் இருக்கிற சரிவு வழியாக வாங்கண்ணா என்று காலையிலேயே கூட்டிப்போய்க் காட்டியிருந்தேன். ஏனென்றால் படி என்றால் இடது கையைப் பின்னால் நீட்டுவார், திரும்பிப் பார்க்க மாட்டார், அங்கே என் கை இருக்கும் என்று அவருக்குத் தெரியும். தட்டு பிடித்த கையை நீட்டினால் தேங்காய் உருளும். உருளவில்லை. சரிவில் ஏறிவிட்டார். ஏறிவிட்டாரய்யா. முப்பத்தாறு வயதில் முதல்முறையாக ஒரு கூட்டத்துக்கு முன்னால் நடக்கிறார். இதுவரை எந்த விசேஷமென்றாலும் ஃபேன் இருக்கிற ரூமில் உட்கார வைத்து டிவியைப் போட்டுவிட்டுப் போவார்களாம், பந்தி முடிந்ததும் இலையில் கட்டிக் கொண்டுவந்து தருவார்களாம். எனக்கு விசிலடிக்க வேண்டும்போல இருக்கிறது. எனக்கு விசிலடிக்கத் தெரியாது.

"ஏஞ்சாமி, நீ யாரு வூட்டுப் பையன்?" பக்கத்தில் நிற்கிற பாட்டியம்மா முழங்கையால் இடித்துக் கேட்கிறார், வாயில் வெற்றிலை. காலையிலிருந்து இதைக் கேட்கிற ஆறாவதோ ஏழாவதோ ஆள். ஒருவர் நர்ஸா என்றார், ஒருவர் டிரைவர் என்று நினைத்துச் சாவியை நீட்டி வண்டியை நிழலில் போடச் சொன்னார், நானும் வாங்கிப் போட்டுவிட்டு வந்தேன். "வேலைங்க பாட்டி, பூபதியண்ணன்கிட்ட" என்கிறேன். "என்ன?" என்கிறார். என் குரல் அப்படி. பஸ்ஸில் இறங்கணும் என்று நான் சொன்னால் கண்டக்டருக்கு அது அடுத்த ஸ்டாப்பில்தான் கேட்கும். சத்தமாகச் சொல்லலாமென்றால் என்னவென்று சொல்ல? பூபதியண்ணனுக்கு மனவளர்ச்சி கொஞ்சம் கம்மி, எழுதப் படிக்க வராது, ஆனால் யார் பொய் சொல்கிறார்கள் என்று வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தெரிந்துவிடும். அவருடைய அப்பாவும் அம்மாவும் கண்ணை மூடுவதற்கு முன்னால் சிங்காநல்லூர் வீட்டையும் இருந்த பணத்தையும் அவருக்காக டிரஸ்ட் எழுதி வைத்துவிட்டுப் போனார்கள். பணத்தைப் பார்த்துக்கொள்ள இரண்டு டிரஸ்டிகள், வெள்ளியங்கிரிப் பெரியப்பாவும் ஆடிட்டர் லோகநாயகி மேடமும். ஆளைப் பார்த்துக்கொள்ள நான். கேர் மேனேஜர். சமைப்பது தெய்வானையக்கா, மருந்து எழுதுவது டாக்டர், நான் எதுவுமே செய்வதில்லை. அவருக்கு என்ன வேண்டும் என்று பார்த்து அதை டிரஸ்டிகளிடம் போய்ச் சொல்லுவேன், அவ்வளவுதான். பல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் பல் டாக்டர், தெய்வானையக்கா ஊருக்குப் போகிற வாரத்துக்கு வேறு ஆள், சட்டை டைட்டாகிவிட்டால் சட்டை. "உனக்கு என்னதான் தம்பி வேல?" என்று பெரியப்பாவே மாசாமாசம் கேட்பார், சம்பளச் செக்கில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே கேட்பார். இப்போது பாட்டியம்மா பதிலுக்குக் காத்திருக்காமல் கழுத்தை நீட்டிப் பார்க்கிறார். "அடடே, நம்ம பூபதியா முன்னால வர்றது? தட்டக் கீழ போட்டுருவானேடா!" போடமாட்டார் பாட்டி. பாருங்கள். பாருங்கள் பாட்டி, வைத்துவிட்டார், கம்பளத்தில் வைத்துவிட்டார், தேங்காயின் குடுமி சாமியைப் பார்க்கிற மாதிரி திருப்பிக்கூட வைத்துவிட்டார்.

தட்டு முடிந்தது, இனி மடி. மடிதான் எல்லாம். பாப்பாவைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள், வேறு யார் மடியிலும் இல்லை. ஆனால் காலையில் மொட்டைக்கும் மாமன் மடிதான், அதை என்னிடமிருந்து பிடுங்கிவிட்டார்கள். என்னிடமிருந்தா? அவரிடமிருந்து. "கத்தி இருக்குது தம்பி, வெளையாட்டில்ல" என்று பெரியப்பா சொல்லி, தன் பையன் தினகரன் மடியில் உட்கார வைத்துவிட்டார். தினகரனும் ஒருவகையில் மாமன்தான், பெரியப்பா மகன், பாப்பாவின் அம்மா சுகந்தியக்காவுக்கு அண்ணன் முறைதான். குளத்து ஓரத்தில் முடி விழ விழ பூபதியண்ணன் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார், அழவில்லை, கத்தவில்லை, என் சட்டைக் கையைப் பிடித்துத் திருகிக்கொண்டே இருந்தார், இதோ இன்னும் கசங்கித்தான் இருக்கிறது. "காது எனக்கு" என்றார். "ஆமாண்ணா, காது உங்களுக்கு" என்றேன். சொல்லிவிட்டேன். இப்போது அதோ தினகரன், பட்டு வேட்டி, தோளில் ஜரிகைத் துண்டு, மணைப் பலகைக்குப் பக்கத்திலேயே தயாராக நிற்கிறார், கிரிக்கெட்டில் பன்னிரண்டாவது ஆள் நிற்பானே அப்படி. பெரியப்பா அவர் காதில் ஏதோ சொல்கிறார். சொல்லட்டும். ஒரு நிமிடம் பூபதியண்ணன் காதைப் பொத்தினால், ஒரு தடவை எழுந்து நின்றால், குழந்தை தினகரன் மடிக்குப் போய்விடும், இன்றைக்கு மட்டுமில்லை, இனி எந்த விசேஷத்திலும் "போன தடவ என்னாச்சு பாத்தீங்கல்ல" என்று சொல்லிச் சொல்லியே டிவி ரூமுக்கு அனுப்பிவிடுவார்கள். தவில்காரரே, கொஞ்சம் மெதுவாக. இல்லை, வேண்டாம், அடியுங்கள், பழகியிருக்கிறோம். குக்கர் விசிலுக்கே காதைப் பொத்துகிறவர் என்பதால் தவில் சத்தத்தைப் போனில் போட்டு நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினோம், பக்கத்து வீட்டுக்காரர் "பூபதிக்குப் பொண்ணு பாத்தாச்சா?" என்று வந்து எட்டிப் பார்க்கும் அளவுக்குக் கூட்டினோம்.

உட்காருகிறார். பலகையில் உட்கார்ந்துவிட்டார், சப்பணம் போட்டு, வேட்டியை முட்டிக்குக் கீழே இழுத்து விட்டு. என்னைத் தேடுகிறார். இங்கேண்ணா, தூணு, மணித் தூணு, பேசினபடிதான். பக்கத்தில் நிற்கக் கூடாது, அதுதான் எனக்கு நானே போட்டுக்கொண்ட விதி. பக்கத்தில் நின்றால் "அந்தப் பையன் புடிச்சுக்கிட்டான், அதனால ஒக்காந்தான்" என்பார்கள். பார்த்துவிட்டார். பல் தெரியச் சிரிக்கிறார். இந்தச் சிரிப்பை லோகநாயகி மேடம் பார்த்திருக்க வேண்டும். "பத்திரத்துல என்ன எழுதியிருக்கு மாறன்? பூபதியின் நலனுக்காக மட்டும். கம்மல் யார் காதுல ஏறப்போகுது? குழந்தை காதுல. சீர் யாருக்குப் போகுது? சுகந்தி வீட்டுக்கு. இதுக்கு டிரஸ்ட் பணத்த எப்படித் தர்றது?" என்று சீருக்குப் பணம் கேட்ட மீட்டிங்கில் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக் கேட்டார் அவர், சட்டம் அவர் பக்கம்தான், எனக்கும் தெரியும். பெரியப்பா, "அதெல்லாம் தினகரனே செஞ்சுருவானுங்க, அவனுக்கு ஒண்ணும் தெரியப்போறதில்ல" என்றார். அவனுக்குத் தெரியப்போவதில்லையா! குழந்தை பிறந்து போனில் படம் வந்த அன்றைக்கே அவர் சொல்லிவிட்டார், "நாந்தான் மாமன்." பால்காரரிடம் சொன்னார், மின்வாரியத்தில் ரீடிங் எடுக்க வந்த அம்மாவிடம் சொன்னார், சிலிண்டரைத் தோளில் சுமந்துகொண்டு வந்தவரைக் கதவருகில் நிறுத்தி "நாந்தான் மாமன்" என்றார், அவர் பயந்துபோய் "சரிங்க மாமா, எங்க எறக்கறது?" என்று கேட்டார். அதனால் அந்த மீட்டிங்கில் நான் வாயைத் திறந்தேன். மேடம் "சத்தமா" என்றார். மறுபடி திறந்தேன். "பல்லு வலிச்சா செலவு பண்றோமில்லைங்க மேடம். இதுவும் அவருக்கு வலிக்குதுங்க." மேடம் கணக்கு நோட்டைத் திறந்து வைத்தார். அப்புறம், "எந்தத் தலைப்புல எழுதறது? மருத்துவம்னு எழுத முடியாது. போக்குவரத்துன்னு எழுத முடியாது" என்று தனக்குத்தானே பேசிக்கொண்டு, கடைசியில் 'சமூகப் பங்கேற்பு' என்று எழுதினார். பாட்டி, அந்தச் சிவப்புப் பெட்டிக்குள் இருப்பது சமூகப் பங்கேற்பு. பெரியப்பா மட்டும் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னார்: "காசு சரி தம்பி. கொழந்தையக் கீழ போட்டுட்டான்னா அத எந்தத் தலைப்புல எழுதுவீங்க?"

கீழே போடுவாரா? இந்தக் கேள்விதான் மூன்று மாதமாக என் தலையில் கொசு மாதிரி. முதலில் இந்த வேலைக்கான படிப்பில் சொல்லித் தந்தபடி படம் வரைந்த அட்டைகள் செய்தேன்: உட்காரு, பிடி, ஆடாதே. அவர் அட்டைகளை நிறவாரியாகப் பிரித்து அடுக்கி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அப்புறம் பூசணிக்காய். பாப்பா எடைக்குச் சரியாகத் தேடி உழவர் சந்தையில் வாங்கி வந்தேன். "இது யாருண்ணா?" என்றேன். "பூசணி" என்றார். "இல்லண்ணா, பாப்பான்னு வெச்சுக்கலாம்." "தம்பி," என்று என் முகத்தையே பார்த்தார், எனக்காக வருத்தப்பட்டார், "இது பூசணி தம்பி." நான் அலுத்துப்போய்த் தரையில் உட்கார்ந்து, என்ன செய்வதென்று தெரியாமல், ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு மாமன் இருந்தான் என்றேன். சும்மா சொன்னேன். என் தாத்தா கதை சொன்னால் நாங்கள் 'உம்' கொட்ட வேண்டும், கொட்டாவிட்டால் நிறுத்திவிடுவார், அந்த ராஜாக்களும் நரிகளும் எங்கள் 'உம்'மில்தான் நடந்தார்கள். யாரும் சொல்லித் தராமலே பூபதியண்ணன் "உம்" என்றார். மாமன் மடியிலே பாப்பா வந்து உக்காந்துச்சு. "உம்." கை தானாக நீண்டது, பூசணியை எடுத்து மடியில் வைத்து ஒரு கையால் வயிற்றையும் ஒரு கையால் நெற்றியையும் பிடித்தார். கதைக்குள்ளே அது பூசணி இல்லை. அவ்வளவுதான், அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் கதை. எல்லாவற்றையும் உள்ளே போட்டேன்: தவில், கற்பூர வாசம், ஆசாரியின் மீசை, ஊசி, பாப்பா வீல் என்று கத்துவது, எல்லோரும் மாமனைப் பார்த்துச் சத்தம் போடுவது. "அப்பவாவது மாமன் விட்டானா?" "விடல!" என்று கத்துவார், பூசணியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கத்துவார், நான் கை தட்டுவேன், தெய்வானையக்கா டீ கொண்டுவருவார், டீயை வாங்குவதற்காகப் பூசணியைக் கீழே வைப்பார். அதன் பிறகு ஓசூரில் இருக்கிற சுகந்தியக்காவுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டு முழுக் கதையையும் அவரே சொல்லுவார், ஒரு வார்த்தை விடாமல். அந்தப் பக்கம் மிக்சி ஓடும், குழந்தை அழும், "உம்... உம்... சரிண்ணா, வெச்சுடறேன்" என்று அக்கா வைத்துவிடுவார். தினமும் அதே. எனக்குக் கோபமாக வரும். கேட்கிறாரா இல்லையா? அண்ணன் உயிரைக் கொடுத்துச் சொல்கிறார், ஒரு நாளாவது ஒரு கேள்வி கேட்கக் கூடாதா என்று பல்லைக் கடித்துக்கொண்டு நான் டீ கிளாஸைக் கழுவுவேன்.

பாப்பாவைத் தூக்கி வருகிறார்கள். இதழினி. மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்து வெடித்திருக்கிறது, புதுப் பாவாடை அவளைவிடப் பெரிதாக இருக்கிறது. சுகந்தியக்கா தூக்கி வருகிறார், முகத்தில் ரத்தமே இல்லை, இரவு தூங்கியிருக்க மாட்டார். மணைக்குப் பக்கத்தில் நிற்கிறார். தினகரன் ஒரு அடி முன்னால் வைக்கிறார். பெரியப்பா தொண்டையைச் செருமுகிறார். "அம்மிணி, எதுக்கும் தினகரன்..." என்று ஆரம்பிக்கிறார், நான் தூணை நகத்தால் கீறுகிறேன், ஒரே ஒரு ஊரிலே, ஒரே ஒரு ஊரிலே. சுகந்தியக்கா பெரியப்பாவைப் பார்க்கவே இல்லை. குனிந்து பூபதியண்ணன் மடியில் பாப்பாவை வைக்கிறார். வைத்துவிட்டார்! ஒரு கை வயிற்றுக்கு, ஒரு கை நெற்றிக்கு. அப்படித்தான், அப்படியேதான். பாப்பா திரும்பி அவர் முகத்தைப் பார்த்து மூக்கைப் பிடிக்கிறாள், அவர் மூக்கைக் கொடுத்துவிட்டு ஆடாமல் உட்கார்ந்திருக்கிறார். ஆசாரி எதிரில் குந்துகிறார். கதையில் நான் சொன்ன மீசை அவருக்கு இல்லை. ஐயோ, மீசை இல்லை. பூபதியண்ணன் புருவம் சுருங்குகிறது, ஆசாரியின் மேல் உதட்டையே பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார், நான் என் உதட்டுக்கு மேல் விரலை வைத்து இழுத்துச் சவரம் பண்ணுகிற மாதிரி காட்டுகிறேன். ஷேவ் பண்ணிட்டாருண்ணா. அவருக்குப் புரிந்துவிட்டது, தலையை ஆட்டுகிறார், போகட்டும் என்று பெரிய மனசோடு ஆட்டுகிறார். பாட்டியம்மா என்னை ஒரு மாதிரி பார்க்கிறார். கெட்டிமேளம். கெட்டிமேளம் காதைப் பிளக்கிறது, என் கை என் காதுக்குப் போகிறது, அவர் கை போகவில்லை. ஊசி. பாப்பா ஒரு நொடி சும்மா இருக்கிறாள், மூச்சை இழுத்துக்கொண்டே போகிறாள், இழுத்துக்கொண்டே, பிறகு வீறிடுகிறாள், அந்த வீறலில் மண்டபத்துப் புறாக்கள் எல்லாம் கிளம்புகின்றன, அவள் பின்னால் வளைகிறாள், காலை உதைக்கிறாள், பூபதியண்ணன் கண்ணை இறுக மூடியிருக்கிறார், உதடு அசைகிறது, கதை ஓடுகிறது, எனக்குத் தெரியும் எந்த வரியில் இருக்கிறார் என்று, கை மட்டும் அசையவில்லை, நெற்றியில் வைத்த கை தொட்டில் கம்பு மாதிரி நிற்கிறது. அடுத்த காது. இன்னொரு வீறல். முடிந்தது. முடிந்தேவிட்டது! மஞ்சளை வைத்தாயிற்று, கம்மலின் சுரையைத் திருகியாயிற்று, ஆசாரி "அட, மாமன்னா இப்படியல்ல இருக்கோணும், அசையவே இல்லியே!" என்கிறார், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்கிறார், நீங்கள் நன்றாக இருக்க வேண்டும் ஆசாரி. நான் அழுகிறேனா? இல்லை, கற்பூரப் புகை.

மாப்பிள்ளை, பாப்பாவின் அப்பா, கையை நீட்டுகிறார், "குடுங்க மச்சான்" என்கிறார். பூபதியண்ணன் கொடுக்கவில்லை. பாப்பாவை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டு நிமிர்ந்து, மண்டபம் முழுக்கக் கேட்க, "மாமன் விடல!" என்கிறார். சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன். "சரிங்க மச்சான், போதும், குடுங்க" என்று மாப்பிள்ளை மறுபடி நீட்டுகிறார். "விடல!" இப்போது பாதிப் பேர்தான் சிரிக்கிறார்கள். பாப்பா அழுகிறாள். பெரியப்பா முன்னால் வருகிறார், "பூபதி, போதும், கொழந்தயக் குடு" என்கிறார், குரலில் கண்டிப்பு. "விடல பெரிப்பா." இன்னும் பெருமையாக, இன்னும் இறுக்கமாக. மூன்று மாதமாகக் கீழே போட்டுவிடுவாரோ, கீழே போட்டுவிடுவாரோ என்றே நினைத்தேன், எல்லோரும் அதையேதான் நினைத்தோம், விடாமலிருப்பதை மட்டுமே சொல்லித் தந்தேன், எல்லோரும் சத்தம் போட்டாலும் விடாதே என்று சொல்லித் தந்தேன், இதோ எல்லோரும் சத்தம் போடுகிறார்கள், கதையில் வந்தபடியே போடுகிறார்கள், அவர் கதையில் வந்தபடியே இருக்கிறார். எப்போது கொடுப்பது என்று நான் சொல்லவே இல்லை. அதற்குமேல் கதையே இல்லை. ஒவ்வொரு நாளும் கதையை முடித்து வைத்தது நானில்லை, தெய்வானையக்காவின் டீ. ஓடிப்போய் டீ வாங்கி வரலாமா? பந்தல் பக்கம் காபிதான் இருந்தது, காபி ஆகுமா? என்ன யோசிக்கிறேன் நான்! தினகரன் குனிந்து அவர் விரல்களைப் பிரிக்கப் பார்க்கிறார், வேண்டாம், பிரிக்காதீங்க, பிரித்தால் இன்னும் இறுக்குவார், பாப்பாவின் காது படும். "வேண்டாங்க" என்கிறேன். தவில் என் சொல்லைத் தின்றுவிடுகிறது. "சொன்னனா இல்லையா? சொன்னனா இல்லையா?" என்று பெரியப்பா யாரையோ கேட்கிறார், யாரையோ இல்லை, என்னைத்தான். பூபதியண்ணன் கூட்டத்துக்கு மேலாக எட்டி என்னைப் பார்க்கிறார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். கதை நடுவில் நான் எச்சில் விழுங்க நிறுத்தினால் இப்படித்தான் பார்ப்பார், "உம்" என்று தள்ளுவார். வாயைத் திறக்கிறேன். என்ன சொல்ல? பாப்பாவைக் கொடுத்துவிட்டான் என்றா? இத்தனை பேர் பிடுங்கும்போது கொடுத்தால் அது மாமன் தோற்ற கதை ஆகிவிடாதா? நின்றுவிட்டேன், மணித் தூணோடு தூணாக.

"எல்லாரும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க." சுகந்தியக்கா. தவில்காரரைப் பார்த்துக் கையைக் காட்டுகிறார், அது நின்றுவிடுகிறது, நின்றதும் மண்டபம் பெரிதாகிவிட்ட மாதிரி இருக்கிறது. தினகரனின் கையை எடுத்து அப்பால் விடுகிறார். அரக்குப் பட்டுச் சேலையோடு, எண்ணெய்ப் பிசுக்குத் தரையில், அண்ணனுக்கு எதிரே சப்பணம் போட்டு உட்காருகிறார். "உம்" என்கிறார். பூபதியண்ணன் திரும்புகிறார். "உம், பாப்பா வீல்னு கத்துச்சு. எல்லாரும் சத்தம் போட்டாங்க. அப்பவாவது மாமன் விட்டானா?" என் வரி! ஒரு சொல் மாறாமல் என் வரி, மிக்சிக்கும் குழந்தை அழுகைக்கும் நடுவில் தினமும் போன வரி. "விடல!" என்கிறார் அவர், கொஞ்சம் மெதுவாக. "உம். விடல. அப்புறம் என்னாச்சுண்ணா?" மூன்று மாதத்தில் யாருமே கேட்காத கேள்வி. அவர் என்னைப் பார்க்கிறார். நான் இரண்டு கையையும் விரிக்கிறேன், எனக்குத் தெரியலண்ணா, நிஜமாகவே தெரியல. பூபதியண்ணன் குனிந்து பாப்பாவைப் பார்க்கிறார். அழுகை விக்கலாகிவிட்டது, அவள் அவர் சட்டைப் பொத்தானை வாயில் வைத்து இழுத்துக்கொண்டிருக்கிறாள். பார்த்துக்கொண்டே இருக்கிறார். பாட்டியம்மா வெற்றிலையை மெல்லவில்லை. "அப்புறம்," என்கிறார், நாக்கைக் கடித்து யோசிக்கிறார், "அப்புறம் பாப்பா மாமன் சட்டையத் தின்னுச்சு." "உம்." "பாப்பாவுக்குப் பசி." "உம்." "மாமன்கிட்ட பாலில்ல." யாரோ களுக்கென்று சிரித்து வாயைப் பொத்துகிறார்கள். "உம், அப்புறம்?" "மாமன் அம்மாகிட்ட குடுத்தான்." சொல்லிக்கொண்டே தூக்குகிறார், காது படாமல் தலையைத் தன் கன்னத்துப் பக்கமிருந்து விலக்கி, மெதுவாக, அதை நான் சொல்லித் தரவே இல்லை, நீட்டுகிறார், சுகந்தியக்கா இரண்டு கையாலும் வாங்குகிறார், வாங்கிய பிறகும் அண்ணன் உடனே கையை எடுக்கவில்லை, கீழே தாங்கியபடியே வைத்துக்கொண்டு சொல்கிறார்: "பாத்துப் புடி அம்மிணி. கீழ போட்டுருவ."

அந்தச் சிரிப்பு! மண்டபமே வெடித்துவிட்டது, தவில்காரர் கேட்காமலே ஒரு உருட்டு உருட்டினார், சுகந்தியக்கா சிரித்துக்கொண்டே அழுதார், பாப்பாவின் மொட்டையில் கண்ணீர் விழுந்து சந்தனம் கரைந்தது. தினகரன் தன் தோளிலிருந்த ஜரிகைத் துண்டை உருவி பூபதியண்ணன் தோளில் போட்டுவிட்டு என் பக்கம் வந்து, "தம்பி, காலைல மொட்டையடிக்கறப்ப எனக்குக் கை நடுங்குன நடுக்கம் உங்களுக்குத் தெரியாது, அப்பா கிட்ட சொல்லிராதீங்க" என்று கிசுகிசுத்தார். பெரியப்பா உடனே வரவில்லை. வேட்டியை அவிழ்த்துக் கட்டினார், தட்டுகளை எண்ணுகிற மாதிரி பார்த்தார், அப்புறம் தூணுக்கு வந்தார். என் நெஞ்சு மறுபடி பேனாவை ஆட்டியது. "அது என்ன கத தம்பி?" என்றார். சொன்னேன். "என்ன?" என்றார். சத்தமாகச் சொன்னேன். முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்தார், துண்டுக்குள்ளிருந்தே பேசினார். "இந்தப் புள்ள பெரிய மனுசி ஆகறப்போ மறுபடி மாமன் சீர் இருக்குது. பச்ச ஓல வெட்டிக் குடிசை கட்டோணும். மாமன் கட்டோணும். அதுக்கு இன்னும் வருசம் கெடக்குது, இப்பவே ஒரு கதைய யோசிச்சு வெய்யி. முடிவோட யோசி." என் பதிலுக்கு நிற்காமல் பந்திப் பக்கம் போய்விட்டார். ஓலைக் குடிசை. பச்சை ஓலை, கயிறு, ஏணி வேண்டாம், ஏணி கூடாது, உயரம் கம்மியாகக் கட்டலாம், கயிறு முடிச்சு அவருக்கு வரும், லேஸ் வருகிறதே. ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு மாமன் இருந்தான், அவனிடம் ஒரு கட்டு ஓலை இருந்தது, உம், அப்புறம், உள்ளே ஏற்கெனவே ஓட ஆரம்பித்துவிட்டது, நிறுத்த முடியவில்லை.

சாம்பார் வாசம் வந்ததும் மண்டபம் காலியாகிறது. தட்டுகளை எடுத்துப் போகிறார்கள், கம்பளத்தைச் சுருட்டுகிறார்கள், ஆசாரி தன் பெட்டியை மூடிக்கொண்டு போகிறார், தவில்காரர் உறையை மாட்டிக்கொண்டு போகிறார். பாட்டியம்மா போகிற வழியில் நின்று, "ஏஞ்சாமி, கடைசி வரைக்கும் நீ யாரு வூட்டுப் பையன்னு சொல்லவே இல்லியே?" என்கிறார். "மாமன் வூட்டுப் பையன் பாட்டி" என்கிறேன். ஒரே தடவையில் கேட்டுவிட்டது அவருக்கு. "அப்படிச் சொல்லு" என்று என் கன்னத்தைத் தட்டிவிட்டு வெற்றிலை மணக்க இறங்கிப் போகிறார். பூபதியண்ணன் மட்டும்தான் பாக்கி. மணைப் பலகைக்கு அடியில் எதையோ தேடி எடுக்கிறார், பாப்பாவின் பால் பாட்டில், உருண்டு போயிருந்தது. அதை வேட்டியில் துடைத்து, இடது கையில் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, முன்வாசல் படிக்கு நடக்கிறார். சரிவு அந்தப் பக்கம்ண்ணா என்று சொல்ல வருகிறேன். சொல்வதற்குள் படிக்கு வந்துவிட்டார், நான் பழக்கத்தில் ஓடிப்போய் அவருக்குப் பின்னால் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறேன். அவர் கை பின்னால் வரவில்லை. அதில் பாட்டில் இருக்கிறது. ஒரு காலை வைத்தார், பக்கத்தில் மறு காலை வைத்தார், அடுத்த படி, மறுபடி ஒரு கால், மறு கால், ஜரிகைத் துண்டு ஒரு பக்கம் சரிய, கடைசிப் படியில் கொஞ்சம் நின்று, மண்ணில் இறங்கிவிட்டார். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் திரும்பிவந்து என் தூணில் தொங்கிய மணியை ஓங்கி அடித்தேன். ஊரெல்லாம் கேட்டிருக்கும். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "பாப்பாவுக்குப் பாலு, பாப்பாவுக்குப் பாலு" என்று வழியில் நிற்பவர்களை விலக்கிக்கொண்டு, வேகமாக, பந்தலைப் பார்த்து நடந்து போனார்.